எங்கள் தலைக்கு மேல் வில்லா கட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையில் வில்லா மனை போடும் நிறுவனத்தாருக்கும், அவர்களுடைய வரைபடங்களில் கையெழுத்திடும் பொறியாளர்கள், கட்டட வடிவமைப்பாளர்கள் அனைவருக்கும்,

உங்கள் இரண்டாம் கட்ட அறிவிப்பைப் படித்த பிறகே இதை எழுத உட்கார்ந்தேன். முதல் கட்டத்தில் பதினான்கு வில்லாக்கள் எழும்பியபோது ஊராட்சியில் மனு கொடுத்தோம். உங்கள் சைட் ஆபீசுக்கு வந்து பேசினோம். "எல்லா அனுமதியும் கையில் இருக்கிறது, பிரச்சினை என்றால் சட்டப்படி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினீர்கள். இப்போது அதே மேட்டின் தலைப்பில், ஊற்று கிளம்புகிற சதுப்பை ஒட்டி, இன்னும் இருபது வில்லா வரப்போகிறது என்று வழவழப்பான தாளில் அச்சடித்துப் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் கொடுத்திருக்கிறீர்கள். "இயற்கையோடு இயைந்த வெப்பமண்டல இல்லம்" என்று அதில் ஒரு வரி. படத்தில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, மொட்டை மாடி, மலை விளிம்பில் நீச்சல் குளம், அதன் இரண்டு பக்கமும் கடற்கரை ஓட்டலில் நிற்பதைப்போல அலங்காரப் பனைகள்.

நான் கொத்தனார். கோத்தகிரி வட்டாரத்தில் சின்னச் சின்ன கான்ட்ராக்ட் எடுத்து வீடு கட்டிக்கொடுத்துப் பிழைக்கிறவன். அப்பாவுக்கும் இதே தொழில். தாத்தா, 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். எங்கள் வரிசை வீடுகள் உங்கள் மேட்டுக்கு நேர் கீழே, சாலையில் இரண்டு வளைவு தள்ளி இருக்கின்றன. உங்கள் வரைபடத்தில் அவை இல்லை. மனை எல்லையோடு கோடு நின்றுவிடுகிறது. சமவெளியில் அப்படி வரைந்தால் பெரிய கேடில்லை. சரிவில் கட்டுகிற வீட்டுக்கோ, அதன் கூரையில் விழுந்த தண்ணீர் ஓடையில் போய்ச் சேரும் வரைக்கும் கீழே இருப்பதெல்லாம் சேர்ந்ததுதான் மனை. அங்கே குடியிருப்பவர்களை விட்டுவிட்டு வரைந்த வரைபடம் பாதி வரைபடம். என் குறை இது ஒன்றுதான். இனி எழுதுவதெல்லாம் அதற்கான சாட்சியம்.

உங்கள் தடுப்புச்சுவரில் இருந்து தொடங்குகிறேன். சாலையிலிருந்து பார்த்தால் கம்பீரமாகத்தான் இருக்கிறது. கருங்கல் முகப்பு, நூல் பிடித்தாற்போல பாயின்டிங், ஆறடிக்கு ஒன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிவிசி குழாய். மலையில் சுவர் வேலை தெரிந்தவர் யாராக இருந்தாலும் முதலில் அந்தக் குழாயைத்தான் பார்ப்பார். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறி நிற்கிற தண்ணீர் வெளியேற அதுதான் வழி. ஆடியில் நாள் முழுக்கப் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அந்தப் பக்கமாக நடந்து வந்தேன். குழாய் ஒன்றிலிருந்தும் ஒரு சொட்டு விழவில்லை, எல்லாம் காய்ந்து கிடந்தன. சுவரின் அடியிலோ, கல்லும் கல்லும் சேருகிற இடங்களிலெல்லாம் தண்ணீர் கசிந்து பாசி பிடித்திருந்தது. சந்தேகத்தில் குடையின் நுனியை ஒரு குழாய்க்குள் விட்டேன். நான்கு விரற்கடை போய் முட்டிக்கொண்டது. அடுத்ததில் விட்டேன், அதிலும் நான்கு விரற்கடைதான். குழாயைத் துண்டு துண்டாக வெட்டி முகப்பில் மட்டும் பதித்துவிட்டு, பின்னால் கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறார்கள். பார்வையிட வருகிறவர் கண்ணுக்குக் குழாய் தெரிந்தால் போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்.

தடுப்புச்சுவரைத் தள்ளிச் சாய்ப்பது பெரும்பாலும் தேங்கிய தண்ணீரின் அழுத்தம்தான் என்பது பாலிடெக்னிக் பாடத்திலேயே இருக்கிறது. சுவரின் முதுகில் அடியிலிருந்து மேல்வரை ஒரு முழ அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். மண் வந்து ஜல்லியை அடைக்காமல் இடையில் வடிகட்டித் துணியாவது, பொடிக்கல்லாவது வேண்டும். குழாய் ஜல்லியில் தொடங்கி வெளிப்பக்கம் சாய்ந்து வர வேண்டும். சுவரின் தலையில் ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வருகிற மழைத்தண்ணீர் பின்னால் இறங்காமல் திருப்பிவிட வேண்டும். இதில் எது உங்கள் சுவரில் இருக்கிறது? தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். மூன்றாவது வில்லாவுக்குக் கீழே சுவர் வயிறு தள்ளியிருக்கிறது. சாலையில் நின்று பார்த்தால் தெரியாது, நூல் பிடித்தால் தெரியும். அந்தச் சுவரின் கீழ்தான் ஆரம்பப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 2009 நவம்பர் மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. 10ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கும் மேல் அது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கமெல்லாம் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், பலர் தூக்கத்திலேயே. அதற்கு முன்பு 1978, 1993. 1993இல் மலை சரிந்து விழுந்த மரப்பாலம் என்ற பெயரைக் கேட்டால் இன்றைக்கும் மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர். மாவட்டத்தில் அபாயம் உள்ள இடங்கள் என்று நிர்வாகமே பட்டியல் போட்டிருப்பவை 283. இதெல்லாம் உங்கள் பொறியாளருக்குத் தெரியாத கணக்கா?

மண் ஏன் சரிகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. இந்த மலையின் அடிப்பாறை சார்னோக்கைட். கடினமான பாறைதான். ஆனால் அதன் மேல் காலகாலமாக மழையில் இற்று இற்றுச் செம்மண்ணும் களியுமாக மாறிய அடுக்கு, சில இடங்களில் பத்து ஆள் ஆழத்துக்கும் மேல் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது வெட்டினால் சுவர்போல நேராக நிற்கும். அதைப் பார்த்துத்தான் கீழ்நாட்டிலிருந்து வருகிற பொக்லைன்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். தண்ணீர் ஊறிவிட்டால் மண்துகள்களுக்கு நடுவே அழுத்தம் ஏறும், ஒன்றை ஒன்று பிடித்திருக்கும் பிடி விட்டுப்போகும். நீங்கள் சரிவின் அடியை வெட்டிச் சமதளம் எடுத்தீர்கள். மேலே இருக்கிற மண்ணுக்கு முட்டுக்கொடுத்திருந்த பாகம் போயிற்று. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி, ரோலர்கூட ஓட்டாமல், அதன் மேல் கார் நிறுத்துமிடமும் நீச்சல் குளமும் போட்டீர்கள். பத்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 60 டன் தண்ணீர். தள்ளிப்போட்ட மண்ணின் விளிம்பில் 60 டன்னை நிறுத்திவைத்துவிட்டு, அதிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்க ரம்மியமாக இருக்கும் என்று விளம்பரம் செய்கிறீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் எங்கள் கூரைகளும் தெரியும்.

அடுத்தது மழைத்தண்ணீர். முன்பு அந்த மேட்டில் தேயிலையும் ஓரத்தில் புல்லும் இருந்தன. பெய்கிற மழையில் ஒரு பங்கு இலையில் நிற்கும், ஒரு பங்கு மண்ணில் இறங்கும், மீதி மெல்ல ஓடைக்கு வரும். இப்போது கூரை, தார் ரோடு, டைல்ஸ் பதித்த முற்றம். 2,000 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 18,500 லிட்டர் இறங்கும். ஒன்றரை டேங்கர் லாரி. பதினான்கு கூரை, கூடவே ரோடும் முற்றங்களும். இத்தனைக்கும் சேர்த்து நீங்கள் போட்டிருப்பது ஒன்பது அங்குலக் குழாய் ஒன்று. அதுவும் எங்கள் ஒற்றையடிப் பாதையின் தலையில் வந்து முடிகிறது. பாதை இப்போது பாதையாக இல்லை. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறிந்து, பக்கத்து வீட்டு அம்மா வருடக்கணக்காக வைத்திருந்த கேரட் பாத்தியை அடித்துக்கொண்டு போய்விட்டது. செப்டிக் டேங்குகளின் உறிஞ்சு குழிகளும் அதே சரிவில்தான். மழைக்காலத்தில் மண் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாகக் கக்குகிறது. எங்கள் ஊற்றுத் தொட்டியில் இரண்டு முறை நாற்றம் வந்து, கொதிக்கவைத்தும் குடிக்க முடியாமல் லாரித் தண்ணீர் வாங்கினோம். மலையில், ஊற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு!

இந்த நிலையில்தான் நீங்கள் சதுப்புக்குப் போகப்போகிறீர்கள். அதை நீங்கள் பார்த்திருப்பது ட்ரோன் படத்தில் என்று நினைக்கிறேன். நடந்து பாருங்கள். தூரத்தில் பார்த்தால் பந்து விளையாடலாம்போலப் பச்சையாக, மட்டமாக இருக்கும். உள்ளே நாலடி வைத்தால் கணுக்கால் புதையும், காலை இழுத்தால் சளக்கென்று சத்தம் வரும். அந்தக் குழியில் உடனே தண்ணீர் ஊறி நிற்கும். ஆடி ஐப்பசியில் குடித்ததை வைத்திருந்து மாசி பங்குனியில் சொட்டுச் சொட்டாக எங்களுக்கு விடுகிற இடம் அது. இதே கோத்தகிரியில் லாங்வுட் சோலை, வெறும் 116 ஹெக்டேர், சுற்றுவட்டார ஊர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. 2024இல் அதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரமே கிடைத்தது. எங்கள் சதுப்புக்கு அங்கீகாரமும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. பத்திரத்தில் "தரிசு" என்று போட்டிருக்கும். அதனால்தான் உங்களுக்கு மலிவாகக் கிடைத்தது.

நீலகிரியில் வீடு எப்படிக் கட்டுவது என்பதற்குப் பாலித்தீவுப் படங்களைப் புரட்டத் தேவையில்லை. கண் முன்னால் மாதிரிகள் நிற்கின்றன. படுகர் ஊர்களான ஹட்டிகளைப் பாருங்கள். பள்ளத்தின் அடியிலும் கட்டமாட்டார்கள், காற்று அறைகிற மலை முகட்டிலும் கட்டமாட்டார்கள். நடுச்சரிவில், சரிவின் மட்டத்தை ஒட்டியே வரிசையாக, ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவராக, முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே தண்ணீர் போக வழி. பள்ளத்தை ஏன் தவிர்த்தார்கள் என்று தலைகுந்தா, காந்தள் பக்கம் தை மாத விடியலில் போய்ப் பார்த்தால் தெரியும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் குளம்போலத் தேங்கும். உறைபனி படுவது அங்கேதான், கொஞ்சம் மேலே ஏறினால் புல் ஈரமாக மட்டும் இருக்கும்.

தோடர் பழங்குடியினரின் ஊரான மந்தில் இருக்கிற பழைய வீடு இன்னும் நுட்பமானது. மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டிய அரைவட்டக் கூரை இரண்டு பக்கமும் தரை வரைக்கும் இறங்குகிறது. மழைக்குத் தேங்க இடமே இல்லை. பக்கவாட்டில் காற்றுக்கு மோதச் சுவர் இல்லை. குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து நுழைகிற வாசல், அதை மூட ஒரு பலகை. உள்ளே அடுப்பு எரிந்தால் வீடே கணகணப்பாகிவிடும். கூரைக்கு வேய்கிற புல் சதுப்பில்தான் வளரும். சதுப்புகள் போகப்போக அந்தப் புல்லுக்கு மைல் கணக்கில் அலைகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சதுப்பு என்றால் வீணான இடம் என்று உங்கள் ஆபீசில் சொன்னவருக்காக.

வெள்ளைக்காரனும் வந்த புதிதில் உங்களைப்போல வரவில்லை. அப்போது கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கன்னேரிமுக்கில் கட்டிய பங்களா, செப்பனிடப்பட்டு இன்றும் நிற்கிறது. போய்ப் பார்க்க டிக்கெட் செலவுகூடப் பெரிதில்லை. பழைய தோட்டத்து பங்களாக்கள் எதை எடுத்தாலும் கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். தகரமாகவோ ஓடாகவோ இருக்கும். அதற்குக் கீழே பலகைச் சீலிங், இரண்டுக்கும் நடுவே காற்று. இறவாரம் சுவரைத் தாண்டி இரண்டடிக்கு நீண்டு சாரலைத் தடுக்கும். இந்த நாலு விஷயத்தைச் செய்தாலே வீட்டில் பூஞ்சணம் பாதி குறையும்.

உங்கள் வில்லாக்களில் மொட்டை மாடி. கான்கிரீட் தளம் இரவில் வானத்தைப் பார்த்துச் சில்லிட்டுப்போகிறது. உள்ளே மனிதர் மூச்சு, குளியலறை ஆவி எல்லாம் போய் அடிப்பக்கத்தில் ஒட்டி, விடிந்தால் சொட்டுகிறது. வாங்கியவர்கள் ஒழுகுகிறது என்று புகார் சொல்ல, நீங்கள் மாடியில் ரசாயனப் பூச்சு மேல் பூச்சு பூசுகிறீர்கள். மேலிருந்து ஒழுகினால்தானே பூச்சுக்கு வேலை? பெயின்டர் பையன்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கிடைக்கிறது, நான் குறை சொல்லமாட்டேன்.

கண்ணாடியும் அப்படித்தான். நாம் இருப்பது ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சம். மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆனியில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில் வெயில் வேண்டுமென்றால் தெற்கிலும் தென்கிழக்கிலும் அளவான ஜன்னல் வைத்தால் போதும், வெயில் தானாக உள்ளே வந்து தரையைச் சுடவைக்கும். நீங்கள் காட்சி கிடைக்கிறது என்று மேற்கே முழுச் சுவரையும் கண்ணாடியாக்கிவிட்டீர்கள். மாலையில் உள்ளே வேகிறது, ஏழு மணிக்கு மேல் நடுங்குகிறது. ஆறாயிரம் அடிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு ஏசியும் ஹீட்டரும் ஒருங்கே தேவைப்படுகிற வீட்டை நான் இதற்கு முன் கண்டதில்லை. அங்கே வீட்டு வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண் ஒருநாள் முந்தானையில் ஒரு வெள்ளைக்கண்ணிக் குருவியைச் சுருட்டி எடுத்துவந்தாள். கண்ணைச் சுற்றி அந்த வெள்ளை வளையம் அப்படியே இருந்தது, கழுத்து மட்டும் தொங்கிவிட்டது. கண்ணாடியில் தெரிந்த மரத்தை நிஜமென்று நம்பி வந்து மோதியிருக்கிறது. "காலையில் கூட்டுகிறபோது வாரத்துக்கு ஒன்றாவது கிடக்கும் அண்ணா" என்றாள்.

"சரி, வேறு எப்படிக் கட்டுவது" என்று உங்கள் சைட் இன்ஜினியர் தம்பி என்னிடம் கேட்டார். நல்ல பையன், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குப் பக்கத்துச் சரிவில் ஒரு வீடு கட்டினோம். பொக்லைன் உள்ளே வரவே இல்லை. வீட்டை நீளவாக்கில் சரிவின் மட்டத்தோடு போட்டு, மூன்று படியாக இறக்கினோம். கூடத்திலிருந்து நாலு படி இறங்கினால் சமையற்கட்டு, இன்னும் நாலு படி இறங்கினால் படுக்கையறை. எங்கேயும் இடுப்பு உயரத்துக்கு மேல் மண்ணை வெட்டவில்லை. வெட்டிய மண்ணையும் கீழே தள்ளாமல் அடித்தளத்துக்குள்ளேயே போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினோம். நடுவே ஒரு பெரிய நாவல் மரம். பிளானில் அது குறுக்கே வந்தது, பிளானைத்தான் நகர்த்தினோம். பலகைக்குச் சில்வர் ஓக், சாரத்துக்கு அவர் தோட்டத்தில் வெட்டவேண்டியிருந்த கற்பூர மரம். தகரக் கூரை, பலகைச் சீலிங், கூரைத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்கு. தொட்டி நிறைந்தால் கல் பாவிய படிவாய்க்கால் வழியாக, ஒவ்வொரு படியிலும் வேகம் உடைந்து, நேரே ஓடைக்கு. தடுப்புச்சுவருக்குச் சிமென்ட் போடாத கல்கட்டு. அதில் குழாயே வேண்டாம், கல்லுக்குக் கல் இடுக்கெல்லாம் வழிதான். மண் வேலையில் மிச்சமான பணம் மர வேலைக்குப் போயிற்று. ஐப்பசி மழை பல பார்த்துவிட்டது அந்த வீடு. ஆசிரியர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வது நாவல் மரத்தைப் பற்றித்தான், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

மலைக்காரர்களும் கான்கிரீட் பெட்டிகளைத்தானே கட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். கட்டுகிறோம். அரசு வீட்டுத் திட்டங்களுக்குக் கீழ்நாட்டுக்குப் போடுகிற மாதிரியே மட்டத் தளம் வருகிறது, பழங்குடிக் குடியிருப்புகளில்கூட. அதுவும் மாற வேண்டியதுதான், அதற்குத் தனியாக எழுதவேண்டும். ஆனால் மூன்று சென்ட்டில் ஒண்டுகிறவர் வேறு வழியில்லாமல் செய்வதையும், மொத்த மேட்டையும் வாங்கி எப்படி வேண்டுமானாலும் வரைய வசதியுள்ளவர் செய்வதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

காட்டுமாடு விஷயத்தையும் சொல்லவேண்டும். உங்கள் மேட்டின் ஓரமாகச் சோலைத் துண்டிலிருந்து ஓடைக்கு மாடுகள் இறங்குகிற தடம் ஒன்று இருந்தது. கம்பிவேலியும் மின்வேலியும் போட்டு அடைத்தீர்கள். மாடுகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடவில்லை, எங்கள் வரிசைக்கு நடுவே வரத் தொடங்கிவிட்டன. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் இப்போது விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கிளம்புகிறார்கள். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. இரவெல்லாம் எரிகிற உங்கள் ஃபோகஸ் லைட்டுகள் வேறு. கரடி வந்தால் தெரியட்டும் என்று வைத்திருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் பக்கம் வெளிச்சம், ஆகவே கரடி இருட்டாக இருக்கிற எங்கள் பக்கம் வருகிறது.

அனுமதி பற்றிக் கடைசியாக. மலையிடப் பாதுகாப்புக்கென்று ஹாக்கா குழுமம் 1990இல் அமைந்தது. நீலகிரியின் ஊர்கள் அதன் வரம்பில் வருகின்றன. கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. நீங்கள் விதியை மீறவில்லை என்கிறீர்கள். சாலைப்பக்கம் அளந்தால் ஏழு மீட்டர்தான். பின்பக்கம் மலையைக் குடைந்து இறக்கிய தளத்தை எண்ணினால் எத்தனை? பதினான்கு வீட்டுக்கும் தனித்தனி மனையாகக் காட்டித் தனித்தனியாக அனுமதி வாங்கினீர்கள். ஆகவே மொத்த மேட்டையும் ஒரே தாளில் யாரும் பார்க்கவேண்டி வரவில்லை. மழை மட்டும் தனித்தனி மனையாகப் பிரிந்து எங்களிடம் வருவதில்லை.

எனக்கும் கட்டுமானம்தான் சோறு. இந்த மலையில் யாரும் வீடு கட்டவே கூடாது என்று நான் சொன்னால் என் பிள்ளைகளே சிரிப்பார்கள். உங்களிடம் நான் கேட்பவை இவைதான்.

சதுப்பிலும் அதைச் சுற்றிய சரிவிலும் இரண்டாம் கட்டத்தைக் கைவிடுங்கள். ஒத்திப்போடுவது, வில்லா எண்ணிக்கையைக் குறைப்பது என்ற பேரமெல்லாம் வேண்டாம். அந்த நிலத்தில் பொக்லைன் இறங்கக்கூடாது, மண் கொட்டக்கூடாது, "அழகுபடுத்துகிறோம்" என்று குளமும் வெட்டக்கூடாது.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் தடுப்புச்சுவரைத் திறந்து சரிசெய்யுங்கள். உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒரு மண்ணியல் பொறியாளரை வைத்து, ஊர்க்காரர்கள் முன்னிலையில் சோதிக்கச் சொல்லுங்கள். வயிறு தள்ளிய பாகத்தைப் பிரித்துத்தான் கட்டவேண்டும், முகப்பில் பூசி மறைத்தால் ஒத்துக்கொள்ளமாட்டோம். அது முடியும்வரை விளிம்பில் இருக்கிற நீச்சல் குளங்களைக் காலியாக வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் நிற்கிற பஸ் நிறுத்தத்தை உங்கள் செலவில் தற்காலிகமாக நகர்த்துங்கள். இது ஒரு நாள் வேலை, நாளைக்கே செய்யலாம்.

ஒவ்வொரு வில்லாவுக்கும் கூரைத் தண்ணீர்த் தொட்டி வையுங்கள். மிச்சத் தண்ணீரைப் படிவாய்க்கால் வழியாக ஓடை வரை நீங்களே கொண்டுபோய்ச் சேருங்கள். எங்கள் பாதையைத் திரும்பக் கல் பாவிக் கொடுங்கள். ஓடையில் தள்ளிய மண்ணை அள்ளுங்கள். உறிஞ்சு குழிகளை மூடிவிட்டு, கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒரு பொது அமைப்பு போடுங்கள். எங்கள் ஊற்றுத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, வருகிற முடிவை எங்களிடம் காட்டுங்கள். மாடு இறங்குகிற தடத்தில் வேலியை அகற்றுங்கள், லைட்டுகளை இரவு ஒன்பதுக்கு மேல் அணையுங்கள். கண்ணாடிச் சுவர்களுக்கு வெளியே வலையோ, பட்டைக் கோடுகளோ போடுங்கள்.

கையெழுத்துப் போடுகிற பொறியாளர்களே, வடிவமைப்பாளர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. இனி இந்த மலையில் நீங்கள் வரையும் எந்த வரைபடமும், மேட்டின் தலைப்பிலிருந்து ஓடை வரைக்கும், நடுவே இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் காட்டட்டும். வெட்டுகிற மண் எவ்வளவு, அது எங்கே போகிறது, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று அதிலேயே எழுதுங்கள். அதன் தமிழ்ப்படி ஒன்றை, வேலை தொடங்குவதற்கு முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். தனித்தனி மனையாகப் பிரித்துக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போட மறுங்கள்.

பதிலை எழுத்தில் கொடுங்கள். எங்களில் ஒருவரை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்துப் பேசுவது வேண்டாம். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாரியம்மன் கோயில் திடலில் ஊர்க்கூட்டம் இருக்கிறது. முழு மேட்டின் வரைபடத்தோடு வாருங்கள்.

இப்படிக்கு,
மேட்டுக்குக் கீழே குடியிருக்கும் ஒரு கொத்தனார்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி